சமன்பாட்டுக்கு உரை: பௌதிக வேதியியலின் கணிதமும் தமிழ்ப் பாடநூல் மொழியும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்வழியில் மேல்நிலைக் கல்வி முடித்துப் பட்டப்படிப்பில் வேதியியல் பயில வரும் மாணவர் பௌதிக வேதியியலில் இடறுவதற்குக் கணித அறிவுக் குறைவே காரணம் எனப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தமிழ்நாட்டு மேல்நிலை வேதியியல், கணிதப் பாடநூல்களின் அலகு வரிசை, கலைச்சொல், தொடரமைப்பு ஆகியவற்றை ஒப்பிட்டு நோக்கும் இக்கட்டுரை, அவ்விடறலில் பாடநூலின் உரைநடைக்கும் பங்குண்டு என வாதிடுகிறது. அறிவியல் தமிழுக்குக் கொங்கு வட்டாரம் ஆற்றிய பணியும், அப்பணி தொடாமல் விட்ட இடமும் உடன் நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அறிவியல் தமிழ், பாடநூல் மொழி, பௌதிக வேதியியல், நுண்கணிதம், பொருள்கோள், கொங்கு நாடு

முன்னுரை

பதினொன்றாம் வகுப்பு வேதியியல் பாடநூலின் 7ஆம் அலகு வெப்ப இயக்கவியல். மாறாக் கனஅளவில் ஒரு பொருளின் வெப்ப ஏற்புத்திறன் அங்கு வரையறுக்கப்படுகிறது. வரையறை ஒரு குறியீட்டில் முடிகிறது: மேலே அக ஆற்றல், கீழே வெப்பநிலை, இரண்டின் முன்னும் வளைந்த 'டோ' குறி, அடைப்புக்கு வெளியே கீழ்க்குறியாகக் கனஅளவு. கணிதத்தில் இதன் பெயர் பகுதி வகைக்கெழு. இப்பெயரை முறைப்படி அறிமுகம் செய்யும் கணிதப் பாடம், பன்னிரண்டாம் வகுப்பின் இரண்டாம் தொகுதியில், 'வகையீடுகள் மற்றும் பகுதி வகைக்கெழுக்கள்' என்னும் 8ஆம் அலகில் உள்ளது. அதாவது, மாணவர் குறியை முதலில் காண்கிறார். அதன் பொருளை ஓராண்டுக்குப் பின்னரே கற்கிறார். கணிதமில்லாத தூய அறிவியல் பிரிவைத் தேர்ந்தவராயின் அந்தப் பின்னரும் இல்லை.

இது தனித்த நிகழ்வன்று. வேதியியலில் 2ஆம் அலகாகிய அணுவின் குவாண்டம் இயக்கவியல் மாதிரி, ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைக் கல்வியாண்டின் தொடக்க மாதங்களிலேயே நீட்டுகிறது. அவ்வேளையில் கணித வகுப்பு கணங்களிலும் முக்கோணவியலிலும் இருக்கும். எல்லை, வகையிடல், தொகையிடல் ஆகியன கணித நூலின் இரண்டாம் தொகுதியில் 9, 10, 11ஆம் அலகுகளாக வருகின்றன. பன்னிரண்டாம் வகுப்பிலும் இதே நிலைதான்: வேதி வினைவேகவியல் முதல் தொகுதியின் 7ஆம் அலகு, அது பயன்படுத்தும் வகைக்கெழுச் சமன்பாடுகளோ கணிதத்தின் இரண்டாம் தொகுதியில் 10ஆம் அலகு.

இயற்பியல் பாடநூல் இச்சிக்கலை முன்னுணர்ந்திருக்கிறது. தன் 2ஆம் அலகான இயக்கவியலிலேயே வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் ஆகியவற்றின் அடிப்படைகளைத் தானே சொல்லிக் கொடுத்துவிட்டு மேலே செல்கிறது. வேதியியல் நூல் அத்தகைய சிறு வாயிலைக்கூட அமைக்கவில்லை. ஒரே நிறுவனம், ஒரே காலத்தில், ஒரே மாணவருக்காக ஆக்கிய நூல்கள் இவை என்பது கருதத்தக்கது. அலகு வரிசையை மாற்றுவது பாடத்திட்டக் குழுவின் பணி. அதனை இக்கட்டுரை விரிக்கவில்லை. முறைமாறி வந்த குறியைப் படிக்கத் தமிழ் உரைநடை என்ன துணை செய்திருக்கிறது என்பதே இங்கு வினா.

கொங்கு நாடும் சொல்லாக்கமும்

இவ்வினாவைக் கொங்கு வட்டாரத்தில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. தமிழில் அறிவியல் எழுதும் முயற்சியில் இவ்வட்டாரத்தின் பங்கு அதன் பரப்பளவுக்கு மிஞ்சியது. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ் அறிவியற் சொற்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கி இதழும் நடத்தினர். வேதியியலைப் பொதுமக்களுக்குச் சொல்ல இராஜாஜி எழுதிய நூல் 'திண்ணை ரசாயனம்'. திருப்பூரைச் சேர்ந்த தி. சு. அவினாசிலிங்கம் கல்வியமைச்சராக இருந்த காலத்தில் தோன்றிய தமிழ் வளர்ச்சிக் கழகம், 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிப் பகுதியைச் சேர்ந்த பெ. தூரன். கவிஞராகவும் இசைப்பாடல் ஆசிரியராகவும் நினைக்கப்படும் அவர் கல்லூரியில் பயின்றது கணிதம். கோவையில் ஜி. ஆர். தாமோதரன் 'கலைக்கதிர்' இதழை நடத்தினார். கலைச்சொல் அகராதிப் பணியும் அவ்வழியே நிகழ்ந்தது. 1960இல், பொள்ளாச்சிப் பகுதியிலிருந்து வந்த சி. சுப்பிரமணியம் கல்வியமைச்சராக இருந்தபோது, கல்லூரித் தமிழ்வழிக் கல்விக்கான முன்னோடித் திட்டம் கோவை அரசு கலைக் கல்லூரியிலேயே தொடங்கப்பட்டது. அங்கும் முதலில் வந்தவை கலைப் பாடங்களே.

இப்பட்டியலை நன்றியோடு படிக்கலாம். சற்று ஐயத்தோடும் படிக்க வேண்டும். இம்முயற்சிகளில் பெரும்பாலானவை இரு வடிவங்களை நாடின. ஒன்று சொற்பட்டியல், மற்றொன்று பொதுவாசகர்க்கான விளக்கக் கட்டுரை. சொற்பட்டியலின் அலகு பெயர்ச்சொல். விளக்கக் கட்டுரையோ சமன்பாட்டைத் தவிர்ப்பதையே தன் வெற்றியாகக் கருதும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது, சமன்பாட்டைத் தமிழ்த் தொடராகப் படித்துக் காட்டும் உரைநடை. அதற்கு வேண்டியவை வினைச்சொற்களும் எச்சங்களும் வேற்றுமை உருபுகளும். இந்நடுவிடம் நெடுங்காலமாக வெற்றிடமாகவே கிடக்கிறது.

பிறமொழிகளில் இவ்விடத்துக்கென ஒரு நூல்வகையே உண்டு. நெர்ன்ஸ்டும் ஷோன்ஃபிளீசும் 1895இல் ஜெர்மன் மொழியில் அத்தகைய நூலை எழுதினர். மெல்லர் 1902இல் வேதியியல், இயற்பியல் மாணவர்க்கான உயர்கணித நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பௌதிக வேதியியலுக்கு ஆயத்தமாகும் மாணவர்க்கெனவே ஃபாரிங்டன் டேனியல்ஸ் 1928இல் எழுதியதும் இவ்வகையே. பௌதிக வேதியியல் ஒரு துறையாக உருக்கொண்ட காலத்திலேயே அதற்குரிய கணித நூலும் உடன் பிறந்துவிட்டது என்பதை இவ்வாண்டுகள் காட்டுகின்றன. தமிழில் துறை நூல்கள் வந்தன, கணித நூல்கள் வந்தன. இடைநின்ற நூல் ஒரு மரபாக வளரவில்லை.

'வகை' படும் பாடு

சொல்லாக்கத்தைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. சில இடங்களில் தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லைக் காட்டிலும் தெளிவானது. வினைவேகவியலில் ஒரு சான்று: ஒரு வினையின் வேகம் வினைபடு பொருளின் செறிவின் எத்தனையாம் அடுக்கைச் சார்ந்துள்ளது என்பதை ஆங்கிலம் 'ஆர்டர்' என்கிறது. வகைக்கெழுச் சமன்பாட்டில் வரும் மிக உயர்ந்த வகைக்கெழு எத்தனையாவது என்பதற்கும் ஆங்கிலத்தில் 'ஆர்டர்' என்பதே பெயர். இரண்டும் வெவ்வேறு கருத்துகள். செறிவின் இருபடியைச் சார்ந்த வினை ஆங்கிலத்தில் 'செகண்ட் ஆர்டர்' வினை. அதன் வேகத்தைச் சொல்லும் சமன்பாடோ 'ஃபர்ஸ்ட் ஆர்டர்' சமன்பாடு. ஆங்கிலவழி மாணவர் இங்கே தடுமாறுவது இயல்பு. தமிழ்ப் பாடநூல்கள் முன்னதை 'வினைவகை' என்றும் பின்னதை 'வரிசை' என்றும் பிரித்துவிட்டன. ஆகவே 'இரண்டாம் வகை வினை, முதல் வரிசைச் சமன்பாட்டால் சொல்லப்படுகிறது' எனத் தமிழில் குழப்பமின்றி எழுத முடிகிறது. வேதியியல் குழுவும் கணிதக் குழுவும் கலந்து பேசி அடைந்த தெளிவு இது என்று தோன்றவில்லை; பேசாததால் வாய்த்த நற்பேறாகவே இருக்கலாம். இலங்கைப் பாடநூல் மரபு இரண்டுக்கும் 'வரிசை' என்பதையே ஆள்வதால் ஆங்கிலத்தின் மயக்கம் அங்கு அப்படியே வந்து சேர்ந்தது.

ஆயினும் தமிழ்நாட்டு வழக்கில் வேறொரு மயக்கம் உண்டு. 'முதல் வகை வினை' என்பதில் உள்ள 'வகை'யும், அதே பக்கத்தில் வரும் 'வகைக்கெழு', 'வகையிடல்' ஆகியவற்றில் உள்ள 'வகை'யும் வடிவில் ஒன்று, பொருளில் வேறு. கணிதத்தை இன்னும் தொடாத மாணவர், முதல் வகை வினைக்கு முதல் வகைக்கெழு, இரண்டாம் வகை வினைக்கு இரண்டாம் வகைக்கெழு எனப் பொருத்திக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. ஒரு வரி எச்சரிக்கை போதும்.

'வகைக்கெழு' என்னும் தொடரே ஒரு சிறு வரலாறு. முன்னாளில் ஆங்கிலக் கணிதத்தில் வழங்கிய 'டிஃபரென்ஷியல் கோஎஃபிஷியன்ட்' என்பதன் நேர்வடிவம் அது. 'கெழு' என்பது கெழுவெண்ணைக் குறிக்கிறது. ஆங்கிலம் அப்பெயரைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது, தமிழ் காத்துவருகிறது. தொல்காப்பிய உரியியலில் 'கெழு' நிறத்தைக் குறிக்கும் சொல். பழந்தமிழ் பயின்ற ஒருவர் கணித நூலைத் திறந்தால் அடையும் வியப்பு தனிக் கட்டுரைக்கு உரியது.

'நிலைச்சார்பு', 'வழிச்சார்பு' என்னும் இணை மேலும் கருதத்தக்கது. கணிதத்தில் சார்பு என்பது ஒரு கலைச்சொல். வழக்கில் அது ஒன்றைச் சார்ந்திருத்தல். நிலைச்சார்பு என்பதை எவ்வாறு விரித்தாலும் பொருள் பிழைபடுவதில்லை: அக ஆற்றல் அமைப்பின் நிலையைச் சார்ந்தது, ஆகவே நிலை மாறிகளின் சார்பும் ஆகும். வழிச்சார்பு அவ்வாறன்று. வெப்பமும் வேலையும் வழியைச் சார்ந்தவை என்பது மெய். ஆனால் அவை நிலை மாறிகளின் சார்புகளே அல்ல என்பதில்தான் அக்கருத்தின் உயிர் இருக்கிறது. கணித வகுப்பில் சார்பின் வரையறையைக் கற்ற நல்ல மாணவர் இங்கே சொல்லால் வழிதவறுவார்; கல்லாதவர் வழக்குப் பொருளைக் கொண்டு சரியாகப் புரிந்துகொள்வார். இத்தொகையை விரித்துக் காட்டும் ஒரு தொடர் பாடநூலில் இருந்திருந்தால் இருவரும் ஒரே இடம் வந்து சேர்ந்திருப்பர்.

குறியீடும் பொருள்கோளும்

பெயர்களைக் கடந்து தொடருக்கு வருவோம். முன்னர்ச் சொன்ன வெப்ப ஏற்புத்திறன் குறியீட்டை ஆங்கிலம் இடமிருந்து வலமாக, எழுதிய ஒழுங்கிலேயே படிக்கிறது. கோவை, ஈரோடு, நாமக்கல் எனக் கொங்கு நாட்டில் எங்கும் தமிழ்வழி வகுப்பறையிலும் அது 'டோ யூ பை டோ டி அட் கான்ஸ்டன்ட் வி' என்றே ஒலிக்கிறது. அதையே தமிழில் சொன்னால் ஒழுங்கு தலைகீழாகும்: 'கனஅளவு மாறாதிருக்க, வெப்பநிலையைப் பொறுத்து, அக ஆற்றலின் பகுதி வகைக்கெழு'. குறியின் கடைசியில் கீழே ஒட்டிக்கிடந்த கனஅளவு, தொடரின் தலைக்கு வந்துவிடுகிறது. கீழிருந்த வெப்பநிலை நடுவிலும், மேலிருந்த அக ஆற்றல் அதன் பின்னும், முதலில் எழுதிய 'டோ' இறுதியிலும் நிற்கின்றன.

தமிழ் இலக்கணம் அறிந்தோர்க்கு இது புதிதன்று. செய்யுளின் ஈற்றிலுள்ள சொல் இடைக்கும் முதலுக்கும் சென்று பொருள் தருவதை நன்னூல் அளைமறிபாப்பு என்கிறது. பொந்தில் தலை நுழைத்த பாம்பு, உள்ளே மறிந்து தலையை மேலே நீட்டுவது அதற்கு உவமை. எழுதிய ஒழுங்கில் படித்தால் பொருள் விளங்காத செய்யுளைப் பொருள் விளங்கும் ஒழுங்கில் கொண்டுகூட்டிப் படிக்க எட்டு முறைகளை வகுத்து வைத்த மரபு இது. அம்மரபில் பயின்ற மொழி, குறியீடு என்னும் புதிய செய்யுளுக்கு ஒரு பொருள்கோளும் சொல்லவில்லை. பாடநூல் குறியை அச்சிடுகிறது, அடுத்த வரியில் 'எனவே' என்று தொடங்கிக் கணக்குக்குப் போய்விடுகிறது.

தமிழ் ஒழுங்கை ஒரு குறையாக எண்ண வேண்டியதில்லை. நிபந்தனையை முன்வைத்துப் பேசுவதுதான் வெப்ப இயக்கவியலுக்கு உகந்த முறை. எது மாறாதிருக்கிறது என்பதைச் சொல்லாமல் எது எவ்வளவு மாறும் என்று சொல்ல இயலாது என்பதே அத்துறையின் முதற்பாடம். ஆங்கிலத் தொடரில் அந்நிபந்தனை வாலாக வருவதால் எளிதில் உதிர்ந்துவிடும்; தேர்வுத் தாள்களில் கீழ்க்குறி விடுபடுவது ஆசிரியர் அனைவரும் அறிந்தது. 'மாறாதிருக்க' என்னும் எச்சத்தோடு தொடங்கிய தமிழ்த் தொடரில் அதை மறக்க வழியில்லை. இந்த ஆதாயம் ஏட்டளவில்கூட இல்லை. ஏடு குறியோடு நின்றுவிடுகிறது, வகுப்பறை ஆங்கில ஒலியோடு நின்றுவிடுகிறது.

ஆங்கிலவழி மாணவர்க்கும் இதே இடர் உண்டே என மறுக்கலாம். உண்டு. ஆனால் அவர் குறியை ஒலிக்கும்போது குறைந்தது அதன் தொடரை ஒலிக்கிறார். பொருளைப் பின்னர் நிரப்பிக்கொள்ளலாம். தமிழ்வழி மாணவர் ஒலிப்பது தம் மொழியின் தொடரன்று, மனனத்துக்குரிய ஓர் ஒலிக்கோவை.

2.303

மனனம் எங்கே முடியும் என்பதற்கு இவ்வெண் ஒரு சான்று. முதல் வகை வினையின் வேக மாறிலிக்கான வாய்பாட்டில் 2.303 வருகிறது, மின்வேதியியலில் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின் பின்னும் அது மறைந்து நிற்கிறது. அது இயற்கையின் மாறிலி அன்று, வேதியியலைச் சேர்ந்ததும் அன்று. பத்தின் இயல் மடக்கை மதிப்பே அது. தொகையிடும்போது இயல் மடக்கை கிடைக்கிறது. தேர்வறையில் தரப்படுவதோ பத்தடிமான மடக்கை அட்டவணை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறக் கொடுக்கும் விலை 2.303. அவ்வளவுதான். அரைவாழ் காலத்தில் வரும் 0.693 என்பது அந்த 2.303ஐ இரண்டின் மடக்கையாகிய 0.3010ஆல் பெருக்கிக் கிடைப்பது. அதாவது, இரண்டின் இயல் மடக்கை.

மடக்கை அட்டவணை கையிலிருந்த காலத்தின் தழும்பு இது என்று ஒரே தொடரில் சொல்லிவிடலாம். சொல்லாதபோது, 2.303 வேகவியலின் மாறிலி, 0.693 அரைவாழ் காலத்தின் மாறிலி, 8.314 வாயுவின் மாறிலி எனப் பட்டியல் நீள்கிறது. இவற்றுள் மூன்றாவது மட்டும் அளந்து அறிந்தது, முதலிரண்டும் கணக்கிட்டு அறிந்தவை என்னும் வேறுபாடு மறைந்துவிடுகிறது. பட்டப்படிப்பின் முதலாண்டில் வேதியியல் மாணவர்க்குக் கணிதம் துணைப்பாடமாக அமையும் கல்லூரிகளிலும் இம்மறைவு நீங்குவதில்லை. துணைப்பாடம் கணிதத் துறையின் ஒழுங்கில் நடக்கிறது, வேதியியல் வகுப்பில் எழும் ஐயத்துக்கு அங்கே இடமில்லை.

இழப்பின் அளவு

இவ்விழப்பு மதிப்பெண்ணோடு முடிவதில்லை. கொங்கு நாட்டில் வேதியியல் படித்த இளைஞர் பலர் சென்று சேரும் இடம் சாயத் தொழில். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்ட பின், நொய்யலில் கழிவு விடாத பூச்சியக் கழிவு முறை தொழிலின் உயிர்நிலை ஆயிற்று. அம்முறையின் எதிர்ச் சவ்வூடு பரவலும், சாயக் கரைசலின் செறிவை ஒளி உட்கவர்தலால் அறிவதும் பௌதிக வேதியியலே. சாயக் கரைசலினுள் செல்லும் ஒளி, ஒவ்வொரு மெல்லிய அடுக்கிலும் அங்கு வந்து சேர்ந்த ஒளியின் ஒரே பின்னத்தை இழக்கிறது. முதல் வகை வினையில் ஒவ்வொரு சிறு கணத்திலும் எஞ்சிய பொருளின் ஒரே பின்னம் சிதைகிறது. முன்னதில் மாறி தடிமன், பின்னதில் காலம், சமன்பாடு ஒன்றே. பாடநூலில் இவை வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு வாய்பாடாக, வெவ்வேறு மனனமாக நிற்கின்றன. ஒன்றைப் புரிந்துகொண்டவர் இரண்டையும் புரிந்துகொண்டவர் ஆவார் என்று சொல்ல வேண்டிய உரைநடை அங்கு இல்லை. ஆய்வகத்தில் கருவி காட்டும் எண்ணை எழுதி வைப்பவருக்கும், அவ்வெண் ஐயத்துக்குரியது என்று சொல்லக்கூடியவருக்கும் உள்ள தொலைவு அந்த உரைநடையின் தொலைவே.

தமிழ்வழியில் வந்தவர் கல்லூரியின் முதற்பருவத்தில் தோற்கும்போது இரண்டு தீர்ப்புகள் எழுதப்படுகின்றன: அவருக்குக் கணிதம் வராது என்பது ஒன்று, தமிழில் அறிவியல் வராது என்பது மற்றொன்று. எழுதப்படாத உரையைப் படிக்கவில்லை என்று மாணவரையும் மொழியையும் குற்றம் சாட்டுவது முறையன்று.

மாதிரி உரை

அவ்வுரை எவ்வாறு இருக்கலாம் என்பதற்கு, தமிழ் உரைமரபின் உறுப்புகளைக் கொண்டே வெப்ப ஏற்புத்திறன் குறியீட்டுக்கு ஒரு மாதிரி கீழே தரப்படுகிறது. பாடநூலில் இதற்கு வேண்டிய இடம் அரைப்பக்கம்.

பதவுரை: கனஅளவு மாறாதிருக்க – கலனின் மூடி அசையாது நிற்க, வெப்பநிலையைப் பொறுத்து – வெப்பநிலையை மிகச் சிறிதளவு உயர்த்துங்கால், அக ஆற்றலின் பகுதி வகைக்கெழு – அவ்வுயர்வின் ஒவ்வோர் அலகுக்கும் அக ஆற்றல் பெருகும் வீதம்.

கருத்துரை: மூடிய கலனிலுள்ள பொருளை ஒரு பாகை சூடேற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பது கூறப்பட்டது.

விசேடவுரை: 'பகுதி' என்றது, அக ஆற்றல் வெப்பநிலை, கனஅளவு ஆகிய இரண்டையும் சார்ந்திருப்பினும் ஒன்றை நிறுத்தி மற்றொன்றையே மாற்றுதலின். 'கனஅளவு மாறாதிருக்க' என்றது எற்றுக்கெனின், மாறுமாயின் வாயு வெளியழுத்தத்தைத் தள்ளி வேலை செய்யும்; ஊட்டிய வெப்பத்தில் ஒரு பங்கு அவ்வேலைக்குப் போய்விடும். ஒரு மோல் ஆர்கானைக் கனஅளவு மாறாது ஒரு கெல்வின் சூடேற்ற 12.47 ஜூல் போதும். அழுத்தம் மாறாது சூடேற்ற 20.79 ஜூல் வேண்டும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு 8.314 ஆதல் காண்க. வாயு மாறிலி இங்ஙனம் வந்தவாறு.